நாற்றமில்லாத மாதங்கள்

யாகுட்ஸ்க் சந்தையில் என் மீன்கள்
மூக்கை வானத்துக்குத் தூக்கி
வாளிக்குள் நிற்கும், விறகுக் கட்டை போல.
காலை எட்டரை. மைனஸ் நாற்பத்தெட்டு.
விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.
இரும்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடியோடு வருகிறவர்
ஊருக்குப் புதுசு;
கழற்றும்போது கன்னத்துத் தோலும்
கொஞ்சம் கூடவே வரும்.

கையுறையைக் கழற்றிச் சில்லறை எண்ண
இருபது விநாடி.
இருபத்தைந்தாவதில்
விரல் வேறு யாருடையதோ ஆகிவிடும்.
அதனால் பேரம் சுருக்கம்.
நீட்டி முழக்கிப் பொய் சொல்ல
இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது,
வாய் திறந்தால் பல் கூசும்.

மருத்துவம் படிக்க
எங்கோ வெயில் நாட்டிலிருந்து வந்த பையன்
ஒருநாள் சொன்னான்:
அவன் மொழியில் சந்தோஷம் வந்தால்
உள்ளம் குளிர்ந்தது என்பார்களாம்.
இமையில் பனி ஒட்டியிருக்க அவன் அதைச் சொன்னபோது
சிரித்ததில் என் உதடு வெடித்தது.
ஒரு மீன் இலவசமாகக் கொடுத்தேன்.

சாயங்காலம் மூன்று கதவு தாண்டி வீடு.
வெந்நீர்க் குழாய்களின் தயவில்
உள்ளே இருபத்தேழு.
கையில்லாத சட்டையில்
சிறிய ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும்போது
எர்ச்சிம் கூப்பிடுவான், சோச்சியிலிருந்து.
அவன் ஜன்னலுக்கு வெளியே பனைமரம்.
பிளஸ் ஆறு.
அவன் போர்வைக்குள், கம்பளிக் குல்லாயோடு.
"குளிருதுக்கா."

தம்பி, நீ பிறந்த இரவு
ஆஸ்பத்திரி வாசலில் பாதரசமே உறைந்து கிடந்தது.

"அங்கே குளிர் வெளியே நிற்கும், அக்கா.
இங்கே அது என்னோடு குடியிருக்கிறது.
வாடகையில் பங்கும் தருவதில்லை."

போன ஜனவரியில் போனேன்.
பழைய செய்தித்தாளில் சுற்றிப்
பெட்டிக்குள் இரண்டு மீன்.
ஏறும்போது கல்.
இரண்டு விமானம் மாறி இறங்கும்போது
பெட்டியின் ஓரம் ஈரம்.
டாக்ஸிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
நான்கு ஜன்னலையும் இறக்கினார்.

எங்கள் ஊரில் நாற்றம் ஜூலைக்குரியது.
ஜனவரிக்கும் மூக்கு உண்டு என்று
நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்:
கடல், நனைந்த நாய்,
யார் வீட்டிலோ கருகும் பூண்டு,
சாலையோரம் வெட்கமில்லாமல் பூத்த மஞ்சள் மிமோசா.
பிறகு அவன் அறை.
காயாத துண்டு, சுவரில் பூஞ்சை,
நேற்றைய தேநீர்.
ஒரே ஒரு கோப்பை.

தனியாக இருப்பதற்கும் ஒரு வாசனை உண்டு.
உறைபனியில் அது வருவதில்லை;
அதனால்தான் அவன் இங்கே இருந்தவரை,
மனைவி போன பிறகும்கூட,
எனக்குத் தெரியாமல் போயிற்றோ என்னவோ.

முதலில் தேநீர் நான் குடித்தேன்,
கழுவிக் கொடுத்தேன்,
பிறகு அவன்.
அப்படி ஒன்பது நாள்.
மீனைப் பொரித்தோம். சுமார்தான்.
சீவிச் சீவி உப்பு தொட்டுப் பச்சையாகத் தின்னவேண்டியதை
எண்ணெயில் போட்டால்
வெறும் மீன்.

இன்றும் கூப்பிட்டான்.
"எவ்வளவு?"
ஐம்பத்தாறு. பள்ளிக்கூடம் லீவு.
பிள்ளைகள் எல்லாம் தெருவில் பந்தாடுகிறார்கள் என்றேன்.
சிரித்தான். சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.
திரும்பி வா என்று நான் சொல்வதில்லை,
வந்துவிடு என்று அவனும் கேட்பதில்லை.

இரண்டாவது கோப்பை வாங்கினாயா?

"கடை தூரம், அக்கா.
மழை வேறு."